ஆல்டோ 800க்கு நடுக் கன்சோல்: நானே செய்யலாமா, மரவேலை பாஸிடம் கொடுக்கலாமா?

வெள்ளவத்தைவாசி
சனி, இரவு 9.40

என்னுடையது 2014 ஆல்டோ 800. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, சரி, ஒரு வருடம் பொறுப்போம் என்று இருந்தேன். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். விலையைக் கேட்டேன், பேசாமல் வீட்டுக்கு வந்து இந்தக் காரையே கழுவித் துடைத்து வைத்தேன். ஆக இன்னும் பல வருடம் இதோடுதான் என் பாடு.

பிரச்சினை இரண்டு சீட்டுக்கும் நடுவில். ஹேண்ட் பிரேக் தவிர அங்கே உருப்படியாக ஒன்றும் இல்லை. போன் மடியில், சில்லறை கதவுப் பையில், தண்ணீர்ப் போத்தல் பக்கத்து சீட்டில். 2022 ஜூலையில் பெட்ரோல் கியூவில் காருக்குள்ளேயே இரண்டு இரவு படுத்தவன் நான். பிளேன் டீ கப்பை வைக்க இடமில்லாமல் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. போன மாதம் பம்பலப்பிட்டியில் திடீரென்று பிரேக் போட்டபோது போத்தல் உருண்டு என் காலடிக்கே வந்தது. பெடலுக்கு அடியில் போயிருந்தால் முன்னால் நின்ற முச்சக்கர வண்டிக்குள் நான் போயிருப்பேன்.

எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்ற பெட்டி ஒன்றைப் புறக்கோட்டையில் வாங்கிப் பார்த்தேன். என் காருக்கு மட்டும் பொருந்தவில்லை போலிருக்கிறது, இரண்டு வளைவு திரும்பினால் பின்சீட்டுக்குப் போய்விடுகிறது. எனவே அளவெடுத்து ஒன்று செய்ய யோசனை. கை வைக்க ஒரு மூடி, அதற்குக் கீழே பெட்டி, இரண்டு போத்தலுக்கு இடம், போன் சார்ஜ் போட யு.எஸ்.பி. மரவேலை கொஞ்சம் தெரியும், புத்தக அலுமாரி செய்திருக்கிறேன். யாராவது செய்தவர்கள் இருக்கிறீர்களா?


சும்மா_பார்க்கிறேன்
சனி, இரவு 10.05

ஏன் மச்சான் இந்தப் பாடு. பஞ்சிகாவத்தைக்குப் போனால் கழற்றிய கன்சோல் எத்தனையோ கிடக்கிறது. கொரோலா ஒன்றுடையதை வாங்கி அங்கங்கே வெட்டி வைத்தால் முடிந்தது.


மொறட்டுவை_மரம்
ஞாயிறு, காலை 7.15

கொரோலா கன்சோலை ஆல்டோவுக்குள் வைத்தால் சாரதி எங்கே உட்காருவது என்று தம்பி சொல்லவில்லையே. ஆல்டோ 800 வெளியிலிருந்து அளந்தாலே 1490 மி.மீ. அகலம்தான், அதில் கதவு இரண்டும் சீட்டு இரண்டும் போக நடுவில் மிஞ்சுவது ஒரு சாண்கூட வராது. பஞ்சிகாவத்தைக்குப் போங்கள், ஆனால் முழுக் கன்சோல் வாங்க வேண்டாம். கீல், மூடிப் பூட்டு, கியர்த் தண்டைச் சுற்றி வரும் உறை (கியர் பூட்), அந்த மாதிரிச் சின்னச் சாமான்கள் வாங்குங்கள். புதிதாகத் தேடினால் அவைதான் கிடைக்காது.

நான் இதுவரை மூன்று கார்களுக்குச் செய்திருக்கிறேன், மூன்றும் எனக்கும் சொந்தக்காரர்களுக்கும்தான், தொழிலாக இல்லை. முதலாவதைக் கழற்றி எறிந்தேன். அளவு எல்லாம் மி.மீ. கணக்கில் சரியாக இருந்தது, ஆனால் காரை நிறுத்தி வைத்து எடுத்த அளவு அது. சீட்டு முன்னுக்கும் பின்னுக்கும் போகும், முதுகுப் பக்கம் சாயும், சீட் பெல்ட் கொளுவும் பக்கிள் சீட்டோடு சேர்ந்தே நகரும், ஹேண்ட் பிரேக் மேலே எழும்பும், எழும்பும்போது அதைப் பிடித்திருக்கும் உங்கள் விரல்களுக்கும் பக்கத்தில் இடம் வேண்டும், கியரைப் பின்னுக்கு இழுக்கும்போது முழங்கையும் கூடவே பின்னுக்கு வரும். இவ்வளவும் அசைந்த பிறகு மிச்சமிருக்கும் வெற்றிடம்தான் உங்கள் பெட்டியின் அளவு. நான் அதைப் பார்க்காமல் செய்ததால் என் மனைவி ஹேண்ட் பிரேக்கை இழுத்து விரல் மூட்டைத் தேய்த்துக்கொண்டார், அதோடு அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்து இப்போது ஆணி போடும் பெட்டியாக இருக்கிறது.

ஆகவே மரத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஃபிரிட்ஜ் வந்த பெட்டி மட்டை இருந்தால் எடுங்கள். மட்டையில் பக்கவாட்டுப் பலகை இரண்டு வெட்டி, மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, மூடியும் வைத்து ஒரு வாரம் அதோடு வேலைக்குப் போய் வாருங்கள். இடிக்கிற இடத்தில் மட்டை நசுங்கியிருக்கும், அங்கே வெட்டுங்கள், திரும்ப ஓட்டுங்கள். காலி வீதியில் காலை நேரம் முதலாவது, இரண்டாவது, முதலாவது, இரண்டாவது என்றுதானே கியர் போடுவோம். நம்முடைய வலப்பக்க ஸ்டியரிங் காரில் இடது கையை இரண்டாவது கியருக்குப் பின்னுக்கு இழுக்கும்போது முழங்கை நேரே மூடியின் முன் விளிம்பில் வந்து நிற்கும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்ச் சேருவதற்குள் மூடி எவ்வளவு உயரம் என்பதை அந்த முழங்கையே சொல்லிவிடும்.


கிராண்ட்பாஸ்_குஷன்
ஞாயிறு, காலை 11.30

குஷன் வேலை செய்கிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம். மரம் அண்ணன் சொன்னதுபோல மட்டை கட்டாயம். எங்களிடம் வருகிறவர்கள் பெட்டியை முழுக்க முடித்து, இறுக்கமாக அளவு பார்த்துவிட்டுத்தான் ரெக்சின் போடக் கொண்டு வருவார்கள். ரெக்சின், அதற்கடியில் மெல்லிய ஸ்பொஞ்ச், மடித்து ஒட்டிய விளிம்பு எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 3 மி.மீ. ஏறும், இரண்டு பக்கமும் 6. காருக்குள் போகாது. பிறகு எங்களோடு சண்டை. மரத்தை அளவுக்குச் சின்னதாக வெட்டுங்கள்.

அடுத்தது பசை. சாதாரணக் கொன்டாக்ட் பசை வெயிலில் நின்ற காருக்குள் இளகிவிடும், ஒரு மாதத்தில் மூடியின் மூலையெல்லாம் குமிழி குமிழியாக எழும்பும். சூடு தாங்கும் பசை என்று கேட்டு வாங்குங்கள், விலை கூட. இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய விட்டுத்தான் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே ஈரம் நின்று, அதுவே பிறகு குமிழியாக வரும். விளிம்பை உள்பக்கம் மடித்து ஸ்டேப்பிளும் அடியுங்கள், பசையை மட்டும் நம்ப வேண்டாம்.


ஃபைபர்பொடியன்
ஞாயிறு, மாலை 4.10

மரம் மரம் என்று எல்லோரும் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள். ஃபைபர் கிளாஸில் செய்யுங்கள், வளைவு நெளிவு எல்லாம் கம்பனி சாமான் மாதிரி வரும். பொதி செய்ய வைக்கும் வெள்ளை ரிஜிபோமைச் செதுக்கி அச்சு எடுத்து, அதன் மேல் கண்ணாடி இழை மேட் போட்டு ரெசின் பூசினால் போதும்.


மொறட்டுவை_மரம்
ஞாயிறு, மாலை 5.02

பொடியன், ரிஜிபோம் மேல் பொலியெஸ்டர் ரெசினை நேரே பூசிப் பார்த்திருக்கிறீர்களா? ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் ரிஜிபோமைக் கரைத்துவிடும். பஞ்சு மிட்டாயில் தண்ணீர் பட்டது மாதிரி அச்சு உள்ளுக்கு இறங்கிவிடும். ஒன்றில் மேலே முழுக்க டேப் ஒட்டி மூட வேண்டும், அல்லது எபொக்சி ரெசின் வாங்க வேண்டும்.


ஃபைபர்பொடியன்
ஞாயிறு, மாலை 5.20

ஆமாம், டேப் ஒட்ட வேண்டும், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். இன்னொன்று, ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரை 100 கிராம் ரெசினுக்கு 1 கிராமிலிருந்து 2 கிராம் வரை போடுவார்கள், கொழும்புச் சூட்டுக்கு 1 போதும். நான் முதல் தடவை 2 போட்டு ஐஸ்கிரீம் டப்பா நிறையக் கலக்கி வைத்துவிட்டு பிரஷ் தேடப் போனேன், திரும்பி வரும்போது டப்பா சூடாகிப் புகைகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். தேய்க்கும்போது முகக்கவசம், நீளக் கை சேர்ட் இரண்டும் கட்டாயம், அந்தத் தூள் உடம்பில் பட்டால் இரண்டு நாளுக்கு அரிக்கும். ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் செய்ய வேண்டாம், நாற்றத்துக்குப் பக்கத்து வீடு சண்டைக்கு வரும்.


வெள்ளவத்தைவாசி
ஞாயிறு, இரவு 8.00

நான் நாலாம் மாடியில் இருக்கிறேன். ஃபைபர் கதை இதோடு முடிந்தது.


தெஹிவளை_வயர்மேன்
திங்கள், காலை 6.50

பெட்டியை எப்படி இறுக்கப் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கார்த் தரையின் நடு மேட்டில் டிரில் போட்டு ஸ்குரூ அடிக்க மட்டும் நினைக்க வேண்டாம். அதற்குக் கீழேதான் சைலன்சர் குழாய் போகிறது, ஹேண்ட் பிரேக் கேபிள் போகிறது. எயார்பேக் உள்ள பல கார்களில் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அந்த மேட்டின் மேல்தான் இருக்கும், மஞ்சள் நிற பிளக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு காரில் யாரோ நீள ஸ்குரூ அடித்திருந்தார்கள், நுனி கேபிளின் உறையில் உரசி உரசி உறை கிழிந்து, மழைத் தண்ணீர் இறங்கி, உள்ளே துரு. ஹேண்ட் பிரேக் இழுத்தால் இறங்குவதில்லை. காரணம் கண்டுபிடிக்க அரை நாள் போனது.

சீட்டு போல்ட்டைக் கழற்றி அதற்கடியில் தகடு வைப்பதும் வேண்டாம், விபத்தில் ஆளைப் பிடித்து வைத்திருப்பது அந்த போல்ட்தான். கார்க்காரன் பிளாஸ்டிக் கவருக்குப் போட்ட ஸ்குரூ ஓட்டைகள் இருக்கும், அவற்றையே பயன்படுத்தி எல் தகடு கொடுங்கள். பெட்டியின் அடியை மேட்டின் வடிவத்துக்கே வெட்டிக் கவிழ்த்து உட்கார வைத்தால் பக்கவாட்டில் அசையாது. இரண்டு ஸ்குரூவில் கழற்ற வரவேண்டும், ஏனென்றால் பல கார்களில் ஹேண்ட் பிரேக் இறுக்கும் நட்டு அந்த லீவரின் அடியில்தான் இருக்கிறது. பெட்டி கழறாவிட்டால் கராஜில் உடைத்துத்தான் எடுப்பார்கள்.

இனி கரன்ட். லைட்டர் சொக்கெட் வயரில் சுரண்டி முறுக்கி டேப் சுற்ற வேண்டாம். பியூஸ் பெட்டியில், சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒரு பியூஸைத் தேடி, அதில் பியூஸ் டெப் (பியூஸ் இடத்திலிருந்தே இன்னொரு இணைப்பு எடுக்கும் சின்னச் சாமான்) ஒன்று செருகி, அதிலிருந்து தனி வயர் எடுங்கள். 45 வோட் வேகச் சார்ஜர் என்றால், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 12 வோல்ட்டில் 4 அம்பியருக்குக் கொஞ்சம் கூட, 7.5 அம்பியர் பியூஸ் தாராளம். வயர் எரியாமல் இருப்பதற்குத்தான் பியூஸ், அதனால் வயர் தாங்கும் அளவுக்கு மேல் பெரிய பியூஸ் போட்டு என்ன பயன். எந்நேரமும் கரன்ட் இருக்கும் இடத்தில் கொடுத்தால் காரைப் பல நாள் நிறுத்தி வைக்கும்போது ஆல்டோவின் சின்ன பெட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வயரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் கொண்டு வரும்போது சீட்டுத் தண்டவாளம் நசுக்காத பக்கமாக விடுங்கள்.


செட்டித்தெரு
திங்கள், பிற்பகல் 1.25

ஆண்கள் எல்லோரும் முன்சீட்டைப் பற்றியே கதைக்கிறீர்கள். பின்னால் உட்காருகிற ஆள் நான், மகளோடு. எங்கள் காரில் தம்பி ஒருவர் செய்து தந்த பெட்டியின் பின் மூலை கூராக இருந்தது, சரியாகப் பிள்ளையின் முழங்கால் உயரத்தில். ஒரு நாள் பிரேக் போட்டதில் நல்ல நீலம் பட்டது. பின் முகத்தைச் சாய்வாக வெட்டி மூலைகளை நன்றாக உருட்டி, அங்கேயும் ஸ்பொஞ்ச் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

அதோடு அந்த சீட் பெல்ட் பக்கிள். பெட்டி வந்த பிறகு என் கணவருக்குப் பக்கிளைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, தடவித் தடவிக் கொளுவுவார், பிறகு பொலிஸ்காரரைக் கண்டால் மட்டும் கொளுவுவது என்று ஆகிவிட்டது. அப்படி ஒரு பெட்டி எதற்கு?


மொறட்டுவை_மரம்
திங்கள், பிற்பகல் 2.00

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. பக்கிள் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் கை போகிற அளவுக்குப் பள்ளம் வெட்ட வேண்டும். சீட்டை முழுக்க முன்னுக்குத் தள்ளி ஒரு தடவை, முழுக்கப் பின்னுக்குத் தள்ளி ஒரு தடவை பக்கிளைக் குறித்துக்கொள்ளுங்கள், பள்ளத்தின் நீளம் அவ்வளவு. பெட்டிக்குள் இடம் குறையும்தான், குறையட்டும்.


வெள்ளவத்தைவாசி
அடுத்த ஞாயிறு, காலை 9.30

மட்டைப் பெட்டியோடு ஆறு நாள் ஓட்டினேன். அலுவலகத்தில் சிரிக்காத ஆள் இல்லை, பாதுகாப்பு உத்தியோகத்தர் பார்சல் ஏதும் கொண்டு வருகிறேனா என்று எட்டிப் பார்த்தார்.

மூடி நான் நினைத்த உயரத்திலிருந்து இரண்டு விரல் கீழே இறங்கியது, அதோடு பின்னுக்கும் போனது. முன் விளிம்பு செவ்வாய்க்கிழமையே நசுங்கிவிட்டது, மரம் அண்ணன் சொன்ன அதே இரண்டாவது கியர். போத்தல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க அகலம் போதாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான். அப்படி வைத்தால் முன் போத்தல் ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது கையில் தட்டுகிறது. கடைசியில் ஒரு போத்தலும் முன்னுக்கு இல்லை, இரண்டும் பெட்டியின் பின் முனையில், சாரதி கையைப் பின்னுக்கு விட்டு எடுக்க வேண்டும். மனைவி சொல்கிறார், அப்போ அது பின்சீட்டுக்காரருக்கு வைத்த போத்தல். சரி, அப்படியே இருக்கட்டும், டீ கப்புக்கு மட்டும் முன்னால் ஒரு சின்ன ஓட்டை.

போத்தல் துளைக்கு என்ன விட்டம் போடுவது?


மொறட்டுவை_மரம்
ஞாயிறு, காலை 10.10

டின் சோடா 66 மி.மீ., அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பழைய சோனகத் தெருவில் எந்த ஹார்ட்வெயாரிலும் 75 மி.மீ. பி.வி.சி. குழாய் இருக்கும், அரை அடி வெட்டித் தரச் சொல்லுங்கள். வெளிவிட்டம் 75, உள்ளே சுவர் கழிந்து 70க்குப் பக்கத்தில் வரும், உள்ளே கம்பளித் துணி ஒட்டினால் போத்தல் கடகடக்காது. பலகையில் 75க்கு ஓட்டை போட்டுக் குழாயை இறக்கி ஒட்டுங்கள், அடியை மூடுங்கள். டீ கொட்டினாலும் மரத்தில் இறங்காது.


சும்மா_பார்க்கிறேன்
ஞாயிறு, பிற்பகல் 12.40

குழாய் வேலை எல்லாம் எதற்கு, அந்தத் துண்டுகளை முப்பரிமாண அச்சில் அடிக்கலாமே. என் நண்பனிடம் இயந்திரம் இருக்கிறது.


தெஹிவளை_வயர்மேன்
ஞாயிறு, பிற்பகல் 1.15

அடிக்கலாம், பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் மட்டும் அடிக்க வேண்டாம். அது 60 பாகை சூட்டுக்கே இளகத் தொடங்கும். மத்தியானம் காலிமுகத்திடல் பக்கம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் கப் ஹோல்டர் அப்பம் மாதிரி விளிம்பு வளைந்து இருக்கும். பி.இ.டி.ஜி. பரவாயில்லை, ஏ.பி.எஸ். அல்லது ஏ.எஸ்.ஏ. இன்னும் நல்லது. சுவிட்ச் வைக்கும் சின்ன முகப்புத் தகடு போன்றதுக்கு அச்சு வேலை நன்றாக இருக்கும், மற்றதுக்கு 75 குழாய்தான் மலிவு.


வெள்ளவத்தைவாசி
இரண்டு மாதம் கழித்து, சனி இரவு

செய்து முடித்துவிட்டேன். உண்மையில் இரண்டு தடவை செய்து முடித்தேன், அதனால்தான் இவ்வளவு நாள்.

முதல் தடவை பக்கங்களை 9 மி.மீ. பிளைவுட்டில் வெட்டினேன். அடிப் பலகைக்கு மட்டும் வீட்டில் மிஞ்சிக் கிடந்த எம்.டி.எஃப். (மரநாரை அமுக்கிச் செய்த பலகை) துண்டு ஒன்று அளவாக இருந்தது, யார் கண்டார்கள் என்று அதையே போட்டேன். மூன்று வாரம் நன்றாக இருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் மூடியை மூடினேன், மூடவில்லை. அழுத்தினேன், திரும்ப எழும்பியது. பெட்டியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், அடிப் பலகை டீயில் தோய்த்த ரஸ்க் மாதிரி ஊதி, விளிம்பு இரண்டு மடங்கு தடித்து, நகத்தால் சுரண்டினால் தூள் தூளாக உதிர்கிறது. கார்ப்பெட்டைத் தொட்டால் ஈரம். ஏ.சி. தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்து, தண்ணீர் இடது பக்கக் கார்ப்பெட்டுக்குள் இறங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. ஒரு வகையில் பெட்டிதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

இரண்டாவது தடவை அடியும் பக்கமும் எல்லாமே மரைன் பிளைவுட், வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு கோட் வார்னிஷ், அடிப் பலகை கார்ப்பெட்டில் படாமல் நாலு ரப்பர் கால். முதலில் செய்த அளவு மட்டை இருந்ததால் ஒரே நாளில் வெட்டிவிட்டேன், அந்த மட்டையை இன்னும் அலுமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பெட்டியின் வெளி அகலம் ரெக்சினோடு சேர்த்து ஐந்து அங்குலம், அதைவிட ஒரு நூல்கூட ஏறவில்லை. பக்கிளுக்குப் பள்ளம் இரண்டு பக்கமும் இருக்கிறது. செட்டித்தெரு அக்காவுக்காகப் பின் முகத்தைச் சாய்வாக வெட்டி ஸ்பொஞ்ச் வைத்தேன். தையல் நிறம் சாம்பல் கேட்டேன், குஷன்காரர் சிவப்பு நூலில் தைத்துவிட்டு இதுதான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள் என்றார். முதலில் கோபம் வந்தது, இப்போது பழகிவிட்டது, மனைவிக்குப் பிடித்திருக்கிறது.

செலவு, வீணாய்ப் போன முதல் பெட்டியையும் சேர்த்து 19,000க்குக் கொஞ்சம் கூட. அதில் பாதி குஷன் கூலியும் ரெக்சினும். வயரிங் வயர்மேன் சொன்னபடியே, 7.5 பியூஸ்.

இன்னும் ஒரு சத்தம் இருக்கிறது. மருதானைப் பாலம் ஏறும்போது எங்கேயோ டிக் டிக் என்கிறது. கீலா, எல் தகடா தெரியவில்லை.


கிராண்ட்பாஸ்_குஷன்
ஞாயிறு, காலை 8.20

சிவப்பு நூல் நான் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சத்தத்துக்கு, மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நின்றால் மூடிதான், மூடி உட்காரும் விளிம்பில் கம்பளி டேப் ஒட்டுங்கள். நிற்காவிட்டால் எல் தகட்டுக்கும் மரத்துக்கும் இடையில் பழைய டியூப் ரப்பர் துண்டு.


வெள்ளவத்தைவாசி
ஞாயிறு, இரவு 7.45

மூடிதான், குஷன் நானா. டேப் ஒட்டினேன், நின்றுவிட்டது.


ஃபைபர்பொடியன்
திங்கள், காலை 10.00

மூடிப் பூட்டு எங்கே எடுத்தீர்கள்? நான் செய்கிற பெட்டிக்கு காந்தம் வைத்தேன், பள்ளத்தில் விழுந்தால் திறந்துவிடுகிறது.


வெள்ளவத்தைவாசி
திங்கள், பிற்பகல் 12.15

பஞ்சிகாவத்தையில் பழைய லான்சர் கன்சோல் ஒன்றிலிருந்து கழற்றித் தந்தார்கள், கீலும் சேர்த்து 1,200 சொன்னார், 900க்குத் தந்தார். கீல் ஸ்குரூக்களையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள், நான் மறந்துவிட்டு அதற்காகவே இன்னொரு நாள் போனேன்.